ரத்தக்கண்ணீர் போன வழி

ரத்தக்கண்ணீர் என்றதும் நம் கண்முன் வருவது 1954-ல் வெளிவந்த படம்தான். கட்டுப்போட்ட கை, பார்வை மங்கிய கண், காந்தாவைப் பெயர் சொல்லி இழுத்துக் கூப்பிடும் அந்தக் கரகரத்த குரல். ஆனால் படம் என்பது அந்தக் கதையின் இரண்டாவது பிறவி. முதல் பிறவியில் அது மேடை நாடகம். ஊர் ஊராக, கொட்டகை கொட்டகையாக, ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் மாறி மாறி நடந்த நாடகம். அந்த முதல் பிறவியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. படம் பத்திரமாக இருக்கிறது. நாடகம் பார்த்தவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

எழுதியவர் திருவாரூர் கே. தங்கராசு. 1927-ல் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ஊர் திருவாரூர். 1940-களின் திருவாரூரை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஆழித்தேர், தியாகராஜர், கமலாலயம். இன்னொரு பக்கம் பெரியாரின் கூட்டங்கள், கையெழுத்துப் பத்திரிகைகள், மாணவர் மன்றங்கள். திருக்குவளையிலிருந்து வந்து இங்கே பள்ளியில் படித்த மு. கருணாநிதி அந்தச் சூழலில் உருவானவர்தான். கீழத்தஞ்சையின் வயல்களில் செங்கொடி ஏறிக்கொண்டிருந்த காலமும் அதுவே. பேச்சும் எழுத்தும் ஊரெல்லாம் பொங்கிக்கொண்டிருந்த அந்த ஊரில், இருபது வயதைத் தாண்டியிருந்த சுயமரியாதைக்கார இளைஞர் ஒரு நாடகம் எழுதினார். அதை மேடையேற்றியவர் எம்.ஆர். ராதா. நாற்பதுகளின் கடைசியில் அது கிளம்பிற்று.

ராதா 1907-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே பாய்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டார். ஜகந்நாதய்யர் கம்பெனியில் பயின்றார். வேடம் கட்டுவதோடு மின்சார வேலையும் மோட்டார் வேலையும் கற்றுக்கொண்டார். முப்பதுகளின் இறுதியில் சினிமாவுக்குப் போய் ‘ராஜசேகரன்’, ‘பம்பாய் மெயில்’ என்று சில படங்களில் நடித்துவிட்டு, மறுபடி மேடைக்கே திரும்பினார். சினிமாவில் கால் வைத்தவர்கள் மேடைக்குத் திரும்புவது அன்றைக்கு வழக்கமில்லை. அவர் திரும்பினார், சொந்தக் குழுவை நடத்தினார். விதவையின் துயரத்தைச் சொல்லும் ‘விமலா’, கருணாநிதி எழுதிய ‘தூக்குமேடை’, ‘போர்வாள்’, ‘லட்சுமிகாந்தன்’ என்று வரிசையாக நாடகங்கள் போட்டார். அவருக்கு ‘நடிகவேள்’ என்று பட்டம் கொடுத்தவர் பட்டுக்கோட்டை அழகிரி. காவிரி டெல்டாவின் பட்டிதொட்டிகளிலெல்லாம் தொண்டை கிழியப் பேசிய மனிதர் அவர்.

இந்தக் குழுவைக் கட்சிப் பிரசார அணி என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதலில்லை. அது ஒரு கம்பெனி. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சீன், உடுப்பு, பெட்டிகளோடு அத்தனை பேரையும் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். சாப்பாடு போட வேண்டும். அரசு மானியம் கிடையாது, ஜமீன்தார் கொடை கிடையாது, கோயில் திருவிழாக் காசு கிடைக்க வழியே கிடையாது. வசூல் ஒன்றுதான் வாழ்வு. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவன் ரசிக்காவிட்டால் அடுத்த ஊருக்குப் போக வழியில்லை. சமூகத்துக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று ராதா நினைத்தாரோ அதைச் சொல்லித்தான் அந்த வசூலையும் எடுத்தார். கருத்துக்கு ஒரு நாடகம், காசுக்கு ஒரு நாடகம் என்று பிரித்துக்கொள்ளவில்லை. இன்றைக்குச் சமூக அக்கறையோடு படமெடுக்க வரும் சிறு நிறுவனங்கள் திணறுவது இந்த இடத்தில்தான்.

டெல்டாவில் வசூலுக்கும் வயலுக்கும் நேரடிக் கணக்கு உண்டு. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்பதற்கு ஓர் ஒழுங்கு வந்தது. ஆடியில் விதைப்பு, நடவு. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தை பிறந்தால் சம்பா அறுவடை. களத்தில் நெல் அடித்துக் கூலி கைக்கு வந்த மாசி, பங்குனியில்தான் கொட்டகைக்குக் கூட்டம் வரும். தென்னங்கீற்றுக் கொட்டகை, தரை டிக்கெட், பெஞ்சு, நாற்காலி. மாட்டுவண்டியில் தமுக்கடித்து நோட்டீஸ் போடுவார்கள். மிராசுதாரும் பண்ணையாளும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒரே நேரத்தில் சிரித்த இடங்கள் அந்தக் காலத் தஞ்சையில் அதிகம் இருந்திருக்க முடியாது. சாகுபடிதாரர்களையும் பண்ணையாட்களையும் நிலத்தைவிட்டு விரட்டாமல் காக்கும் சட்டம் இந்த மாவட்டத்துக்கென்றே 1952-ல்தான் வந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சிரிப்பின் கனம் விளங்கும்.

கதையை எல்லோரும் அறிவார்கள். சீமைக்குப் போய் வந்த பணக்காரப் பிள்ளை மோகனசுந்தரம். ஊரும் உறவும் அவனுக்கு இளக்காரம். சந்திரா என்ற பெண்ணைக் கட்டுகிறான். காந்தா என்ற நாட்டியக்காரியிடம் போய் விழுகிறான். பெற்ற தாயை உதைக்கிறான். சொத்து கரைகிறது, குஷ்டம் வருகிறது, காந்தா துரத்திவிடுகிறாள். பிச்சை எடுத்துத் திரிந்து, கடைசியில் நண்பன் பாலுவிடம் தன் மனைவியை மணந்துகொள்ளச் சொல்கிறான். தன் அழுகிய உருவத்தையே சிலையாக வைத்து ஊருக்குப் பாடமாகக் காட்டுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறான்.

கூத்தி வீடு போய்க் கெட்ட பணக்காரன் கதை தமிழ் மேடைக்குப் புதிதில்லை. புதிது அந்தக் கல்யாணம். பழைய நாடகமாக இருந்தால் பத்தினியின் விரதத்தால் புருஷன் நோய் தீர்ந்து எழுந்திருப்பான். நளாயினி கதை நமக்குத் தெரிந்ததுதானே. தங்கராசு அந்த வழியை அடைத்துவிட்டார். நோய் தீரவில்லை. புருஷனே தன் மனைவிக்கு வேறு வாழ்க்கை உண்டு என்று சொல்கிறான். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்து உரிமை தரும் சட்டம் வந்ததே 1949-ல்தான். சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது; அதைச் செல்லுபடியாக்க அண்ணா முதலமைச்சராகி 1967-ல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட காலத்தில், தாலி கட்டியவன் உயிரோடு நிற்க, அவன் கண்ணெதிரே மனைவிக்கு மறுமணம் பேசுகிறது நாடகம். பார்த்தவர்கள் கலகம் செய்யவில்லை, அழுதார்கள். அந்த இடத்துக்கு அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது அதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரச் சிரிப்பு. முடிவைச் சொல்கிறவன் அப்போதும் புருஷன்தான் என்பது எனக்கு உறுத்தல். ஆனாலும் அந்த நாளில் அது எவ்வளவு பெரிய எட்டு என்பதை மறுக்க மாட்டேன்.

சிரிப்பு எங்கே இருந்தது என்று கேட்டால், அந்தப் பிச்சைக்காரனிடம் இருந்தது. கொட்டகையில் எல்லோரும் காத்திருந்தது அதற்குத்தான். நோய் வந்த பிறகு மோகனசுந்தரம் மனம் உடைந்து புலம்புகிறவனாக மாறவில்லை. முன்னிலும் வாய் கூடுகிறது. தெருவோரம் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் வம்புக்கு இழுக்கிறான். தர்மம் செய்கிறவனையும் விடுவதில்லை. புண்ணியத்துக்காகக் காசு போடுகிறாயா என்று குடைகிறான். ராதாவின் குரல் இங்கேதான் முழு வேலை செய்யும். அடித்தொண்டையில் உறுமலாகத் தொடங்கி, பாதி வாக்கியத்தில் சட்டென்று கீச்சென்று மேலே ஏறி, கடைசிச் சொல்லை அலட்சியமாகத் தூக்கி எறியும். பயந்துகொண்டு சிரிப்பதா, சிரித்துக்கொண்டு இரக்கப்படுவதா என்று பார்ப்பவனுக்கே தெரியாது. படத்தில் இன்றும் அதைக் காணலாம்.

மேடையில் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. அன்றன்றைய சேதி. காலையில் செய்தித்தாளில் வந்த அமைச்சர் பேச்சு, அந்த ஊர்ப் பெரிய மனிதரின் நடத்தை, விலைவாசி, அரிசிப் பங்கீடு, முன்வரிசையில் இருப்பவரின் இருமல் என எதுவும் வசனத்துக்குள் வந்துவிடும். ‘பேப்பர் நியூஸ்’ என்ற பெயரிலேயே அவர் ஒரு நாடகம் போட்டிருக்கிறார். தங்கராசு எழுதிய பிரதி நாடகத்தைத் தாங்கிய கூரை. அதன் கீழே தினம் தினம் புதுச் சமையல் நடந்தது. திருவாரூரில் சொன்னதைக் காரைக்குடியில் சொல்ல மாட்டார். நூறு மாநாடு போட்டுச் சாதிப்பதை ராதா ஒரு நாடகத்தில் சாதித்துவிடுகிறார் என்று அண்ணா சொன்னதாக வழங்கிவருகிறதே, அதன் பொருள் இதுதான். மாநாட்டுப் பேச்சு பேசுகிறவரின் நிகழ்ச்சி நிரல்படி போகும். ராதாவின் பேச்சு எதிரே இருப்பவனின் ஊரைப் பற்றியது.

அதனால்தான் ஆட்சியாளர்களுக்கு அவர் பொறுக்கவில்லை. தடை விழுந்தால் பெயரை மாற்றி அதே நாடகத்தைப் போடுவார். மனம் புண்படுகிறவர்கள் வர வேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்று போஸ்டரிலேயே அறிவிப்பார். வசூலை நம்பி வாழ்கிற முதலாளி வாசலில் நின்று வாடிக்கையாளரை வேண்டாம் என்று சொல்வது சாதாரணக் காரியமா? ராமாயணத்தைத் தலைகீழாக்கிய நாடகத்துக்குத்தான் பெரிய எதிர்ப்பு வந்தது. கும்பகோணத்தில் அவர் ராமன் வேடத்தோடு கைதானதை அந்தப் பக்கத்தில் இன்னும் கதையாகச் சொல்வார்கள். 1954-ல் சென்னை அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. வெள்ளைக்காரன் 1876-ல் போட்ட சட்டத்தின் இடத்தில் வந்தது இது. ஆட்சேபத்துக்குரியது என்று நாடகத்தைத் தடுக்கவும், முன்கூட்டிப் பிரதியைக் கேட்டு வாங்கவும் இது அதிகாரம் கொடுத்தது. ராதாவை நோக்கி எய்யப்பட்ட அம்பு என்று அன்றே எல்லோருக்கும் தெரியும். பிரதியைக் கொடு என்றால் எதைக் கொடுப்பது? அன்று ராத்திரி அவர் வாயில் என்ன வரும் என்று சாயங்காலம் அவருக்கே தெரியாதே.

அதே 1954-ல் அக்டோபரில் படம் வந்தது. தயாரித்தவர் நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள், ‘பராசக்தி’யை ஏ.வி.எம்மோடு சேர்ந்து எடுத்தவர். இயக்கியவர்கள் அதே கிருஷ்ணன்–பஞ்சு. பஞ்சு கும்பகோணத்தை அடுத்த உமையாள்புரத்தில் பிறந்தவர். பாடல்களுக்கு இசை சிதம்பரம் எஸ். ஜெயராமன், குற்றம் புரிந்தவனின் நிம்மதியின்மையைச் சொல்லும் அந்தப் பாட்டை எழுதியவர் கு.சா. கிருஷ்ணமூர்த்தி, பாடியவர் ஜெயராமனே. பாலுவாக எஸ்.எஸ். ராஜேந்திரன், சந்திராவாக ஸ்ரீரஞ்சனி. காந்தா வேடத்துக்கு நடிகைகள் கிடைக்கவில்லை. அத்தனை பெரிய நடிகரைக் காலால் உதைக்க வேண்டும் என்றதும் பலர் பின்வாங்கினார்கள். இருபது வயதுகூட ஆகாத எம்.என். ராஜம் துணிந்து ஏற்றார். அவர் பெயர் நிலைத்துவிட்டது. நாடகம் நடத்துகிற நாள்களில் படப்பிடிப்பு குறுக்கே வரக்கூடாது என்று ராதா நிபந்தனை போட்டார் என்பார்கள். அவருடைய மற்ற காரியங்களைப் பார்க்கும்போது நம்பக்கூடியதாகத்தான் இருக்கிறது.

படத்தால் நாடகம் ஊர்தோறும் போனது. கொட்டகை போட முடியாத குக்கிராமத்துக்குக்கூட டூரிங் டாக்கீஸில் போனது. ஆனால் ஒரு ராத்திரியின் வசனம் எல்லா ராத்திரிக்கும் வசனமாகிவிட்டது. மாறிக்கொண்டே இருந்தது உறைந்துபோனது. அப்படி உறைந்தபோது அதன் பிழைகளும் கூடவே உறைந்தன.

முதலாவது, நோய். குஷ்டம் ஒழுக்கக்கேட்டால் வருவதில்லை. 1873-லேயே நார்வேயின் ஹான்சன் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். நாடகம் எழுதப்படுவதற்கு முன்பே, 1940-களின் நடுவில், செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேன் சல்ஃபோன் மருந்தைக் கொடுத்துப் பலன் கண்டுகொண்டிருந்தார். டெல்டாவிலேயே, கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில், கிறிஸ்தவ மிஷனின் தொழுநோய் மருத்துவமனை நடந்துகொண்டிருந்தது. மூடநம்பிக்கையைக் கிழிக்கவந்த நாடகம், பாவத்துக்குத் தண்டனையாக நோய் வரும் என்ற மிகப் பழைய மூடநம்பிக்கையை இன்னும் ஆழமாக நட்டுவிட்டது. அந்த நோயாளிகள் தெருவில் வரும்போது பிள்ளைகள் ராதா வசனம் பேசிக் கேலி செய்தார்கள் என்றால், அதில் இந்தப் படத்துக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது? 1955-ன் இந்துத் திருமணச் சட்டம் தீராத தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்தது. கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1982-ல் பரிந்துரைத்து, நோய் முழுக்கக் குணமாகத் தொடங்கிய பிறகும் அந்தப் பிரிவு நீடித்தது. 2019-ல்தான் நாடாளுமன்றம் அதை நீக்கியது. மோகனசுந்தரம் இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தால் இலவச மாத்திரையில் ஒரு வருடத்துக்குள் தேறியிருப்பான்.

இரண்டாவது, காந்தா. பெண்களைத் தேவதாசிகளாகக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் வந்தது. அதற்காக வாழ்நாளெல்லாம் போராடியவர் மயிலாடுதுறையை அடுத்த மூவலூரைச் சேர்ந்த ராமாமிர்தம் அம்மையார். அந்த முறைக்குள் வளர்ந்து, உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர். 1936-லேயே ‘தாசிகள் மோசவலை’ என்று நாவல் எழுதி, அந்த வாழ்க்கையிலிருந்து மீள்கிற பெண்களையே அதில் முன்னால் நிறுத்தினார். இதே சுயமரியாதை இயக்கம், இதே டெல்டா. அவர் திறந்துவிட்ட பார்வை ரத்தக்கண்ணீருக்குள் வரவில்லை. காந்தாவும் அவள் தாயும் வெறும் பேராசைக்காரிகள். அவர்களை அங்கே கொண்டுவந்து வைத்த மைனர்களின் உலகத்தைக் கேள்வி கேட்கிற வாய் மோகனசுந்தரத்துக்கு இருந்தும், அந்தப் பக்கம் அவன் திரும்பவில்லை. மேடையில் ஏதாவது ஒரு ராத்திரி ராதா திரும்பியிருக்கலாம். நமக்கு வந்து சேர்ந்திருப்பது படம் மட்டுமே.

நாடகம் மாநில எல்லையையும் தாண்டியது. தெலுங்கில் நாகபூஷணம் அதை எடுத்துக்கொண்டு ஆந்திராவெங்கும் ஆண்டுக்கணக்கில் நடத்தினார். ‘ரக்த கண்ணீரு’ என்பது அவர் பெயருக்கு முன்னால் அடைமொழியாகவே ஒட்டிக்கொண்டது. அன்றாட அரசியலை வசனத்துக்குள் இழுக்கும் ராதாவின் வித்தையையும் அவர் சேர்த்தே எடுத்துப்போனார். நாடகத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கன்னடத்தில் 2003-ல் உபேந்திரா நடிக்க, சாது கோகிலா இயக்கத்தில் படமாக வந்தது. ரம்யா கிருஷ்ணன் காந்தா. அரை நூற்றாண்டு கழித்து, காவிரியின் தலைப்பகுதிக்காரர்கள் அதே கதைக்கு மறுபடி கொட்டகையை நிறைத்தார்கள்.

ராதாவின் வாழ்க்கை வேறு திசையில் திரும்பியது. 1967 ஜனவரி 12-ல் எம்.ஜி.ஆர். சுடப்பட்ட வழக்கில் தண்டனை பெற்று, 1971-ல் வெளியே வந்தார். வந்தவர் மறுபடி நாடகம்தான் போட்டார். ரத்தக்கண்ணீர் மறுபடி கிளம்பியது. நெருக்கடி நிலைக் காலத்தில் மிசா சட்டத்தில் சிறைக்குள் போனார். 1979 செப்டம்பர் 17-ல் திருச்சியில் இறந்தார். அது பெரியார் பிறந்து நூறு ஆண்டு நிறைந்த நாள். பிறகு மகன் ராதாரவியும் அந்த வேடத்தைக் கட்டினார். தங்கராசு 2014 வரை வாழ்ந்தார். ‘பகுத்தறிவு’ பத்திரிகை நடத்தினார், மேடையில் பேசினார், சில படங்களுக்கு வசனம் எழுதினார். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு மனப்பாடமான வசனத்தை எழுதியவர் இவர்தான் என்று தெரிந்தவர்கள் மிகக் குறைவு. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

1954-ன் அந்த நாடகச் சட்டம் ராதாவைவிட நீண்ட நாள் வாழ்ந்தது. தமிழ்நாட்டில் நாடகம் போடுகிறவர்கள் முன்கூட்டிப் பிரதியைக் காவல்துறைக்குக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டிய நிலை அரை நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்தது. ‘பரீக்ஷா’ நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குப் போட்டார். 2013-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று ரத்து செய்தது. ராதாவின் வாயை அடைக்க வந்த பிரிவுகள், அவர் இறந்து முப்பத்து நான்கு ஆண்டு கழித்து, ராதாவைப் போலவே யாரிடமும் கைநீட்டாமல் குழு நடத்திய ஒருவரின் வழக்கில் போயின.

இனிச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு நாள் அதிகமில்லை. 1955-ல் பதினைந்து வயதில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்தவர் இன்று எண்பதைத் தாண்டியவர். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பாபநாசம், மயிலாடுதுறைப் பக்கம் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நாடகத்துக்கென்று தனித் துறையும் இருக்கிறது. மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் கைப்பேசியோடு இந்த ஊர்களுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் போதும். படத்தின் கதையைக் கேட்க வேண்டாம். உங்கள் ஊரில் அன்று அவர் யாரைக் கிண்டல் செய்தார், எந்தச் சேதியை எடுத்தார், கிண்டலுக்கு ஆளானவர் கொட்டகையில் இருந்தாரா, இருந்தால் எழுந்து போனாரா, மறுநாள் வயலில் அதைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்க வேண்டும். பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும்: சந்திராவுக்கு மறுமணம் என்றதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் என்ன சொன்னார்?